கெண்டை என்றால் எந்த மீன்? சிறு நன்னீர் மீன்களின் பொதுப்பெயர்கள்: ஓர் அறிமுகம்

கெண்டை என்னும் சொல் தமிழில் ஒரே ஒரு மீனைக் குறிப்பதன்று. வெள்ளிச் செதில்கள் மின்னக் குளத்தின் விளிம்பில் கூட்டமாகத் திரியும் விரல் நீள மீனும் கெண்டைதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய புல்கெண்டையும் கெண்டைதான். உருவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் இவ்விரண்டுக்கும் இடையே தூரத்து உறவு உண்டு. பனையேறிக் கெண்டையும் ஜிலேபிக் கெண்டையுமோ அந்த உறவுக்குள்ளும் அடங்காதவை. முன்னது செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் காற்றை நேரடியாகச் சுவாசித்து, ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக்கூடியது. அதற்கு நெருங்கிய உறவு கௌராமி மீன்களும் சண்டை மீன்களுமே. பின்னது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, சிக்லிடு என்னும் முற்றிலும் வேறான குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு மீன்களையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள் தவறு செய்தார்களா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். பொதுப்பெயர் என்பது எதற்காக ஏற்பட்டது, அறிவியல் பெயர் எதற்காக ஏற்பட்டது என்பதைப் பிரித்து அறிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தானாகவே விலகிவிடும்.

ஒரு மொழியைப் பேசும் மக்கள் தம் கண்ணில் படும் உயிருக்கு, எவருடைய அனுமதியும் கேட்காமல் வைத்து வழங்கும் பெயரே பொதுப்பெயர். அதற்குச் சட்டம் இல்லை, பதிவேடு இல்லை. ஒரே ஆற்றின் மேல்பகுதியில் ஒரு பெயரும் கழிமுகத்தில் வேறொரு பெயரும் வழங்கலாம். அறிவியல் பெயரோ இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியான பேரினத்தையும், இரண்டாம் சொல் அதற்குள் அடங்கும் தனி இனமான சிற்றினத்தையும் குறிக்கும். விலங்குகளைப் பொறுத்தவரை, சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பே இப்பெயரீட்டின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. ஒரே உயிருக்கு இருவர் தனித்தனியே பெயரிட்டிருந்தால், பொதுவாக முன்னதாக வெளிவந்த பெயரே நிலைக்கும் என்பது இதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. பொதுப்பெயர் ‘இது எப்படி இருக்கிறது, என்ன செய்கிறது, எங்கே கிடைக்கிறது’ என்ற கேள்விகளுக்கு விடை சொல்கிறது; அறிவியல் பெயர் ‘இது யாருக்கு உறவு’ என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறது. கேள்விகள் வேறாகையால் விடைகள் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

‘சிறு மீன்’ என்பதும் உயிரியல் சார்ந்த பிரிவு அன்று. முழு வளர்ச்சியிலும் ஏறத்தாழ 25 செ.மீ. நீளத்துக்குள் நின்றுவிடும் இனங்களைச் சிறு மீன்கள் என்று மீன்வள ஆய்வாளர்கள் கொள்வதுண்டு. அது ஒரு வசதிக்கான கோடு மட்டுமே. ‘முழு வளர்ச்சியிலும்’ என்னும் நிபந்தனையைப் புதியவர்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள். கையில் உள்ள மீன் சிறியது என்பதால் அது சிறு மீன் இனம் ஆகிவிடாது. பெரிய மீனின் குஞ்சாகவும் இருக்கலாம். விரால் குஞ்சுகள் இதற்கு நல்ல சான்று. செம்மஞ்சள் நிறத்தில் நெருக்கமான திரளாக நீர்ப்பரப்புக்கு வந்து போகும் அவற்றைப் பார்ப்பவர், சற்றுக் கீழே காவலுக்கு நிற்கும் கரும்பச்சை நிறத் தாயையோ தந்தையையோ காணாவிட்டால், இது ஏதோ தனி வண்ண மீன் என்றே எண்ணிக்கொள்வார்.

அறியப்பட்ட மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி நன்னீரில் வாழ்பவை. உலகின் மொத்த நீரில் ஆறுகளும் ஏரிகளும் குளங்களும் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கை வியப்பளிக்கும். கடல்போல ஒன்றாகக் கலந்துவிடாமல், மலைகளாலும் நிலப்பரப்பாலும் பிரிந்து கிடக்கும் நீர்நிலைகள் ஒவ்வொன்றிலும் மீன்கள் தனித்தனியே மாறி வளர்ந்ததே இதற்கு முதன்மையான காரணம். அவற்றில் மிகப் பல சிறு மீன்களே. பலவும் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பவை. செதில்களை எண்ணியும் துடுப்புக் கதிர்களைக் கணக்கிட்டும் மட்டுமே பிரித்தறியக்கூடிய பத்து இனங்களுக்குப் பத்துப் பெயர் வைக்க வேண்டிய தேவை மக்களுக்கு இருந்ததில்லை. எனவே சிறு மீன்களின் பொதுப்பெயர்கள் பெரும்பாலும் ஓர் இனத்தின் பெயராக இராமல், ஒரு தோற்றத்தின் பெயராகவே இருக்கின்றன. கெளுத்தி என்றால் மீசையும் செதிலற்ற உடலும் குத்தும் முள்ளும் உடையது. ஆரால் என்றால் பாம்புபோல நீண்டு, கூரிய மூக்கும் முதுகில் முள்வரிசையும் கொண்டது. இந்த அளவில் அப்பெயர்கள் துல்லியமானவையே.

சில பெயர்கள் கூர்ந்த கவனிப்பில் பிறந்தவை. மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்றொரு சிறு மீன் உண்டு. வானத்தை நோக்கிய கண்ணுடையது என்பது அப்பெயரின் பொருள். நீர்ப்பரப்பை ஒட்டியே வாழும் அம்மீனின் வாய் மேல்நோக்கித் திறப்பது. தலையின் உச்சியிலோ பளபளக்கும் புள்ளியொன்று இருக்கும். ஒரே சொல்லில் அதன் வாழிடமும் அடையாளமும் வந்துவிடுகின்றன. தமிழில் அயிரை என்னும் சொல்லைப் பாருங்கள். அயிர் என்பதற்கு நுண்மணல் என்று பொருள் உண்டு. அயிரையோ அடிமணலை விட்டு அதிகம் விலகாமல், ஆபத்து நேர்ந்தால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும் மீன். இரண்டையும் இணைத்துப் பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது. இதன் அறிவியல் பெயரான லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்பதில் உள்ள ‘தெர்மாலிஸ்’ வெந்நீர் ஊற்றைச் சேர்ந்தது என்று பொருள்படும். இலங்கையின் வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1846இல் அப்பெயர் இடப்பட்டது. அயிரை குளிர்ந்த ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் பரவலாக வாழ்வது. ஆகவே மீனைப் பற்றி எதையேனும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கு நாட்டுப்பெயரே அறிவியல் பெயரைவிட மேலான வழிகாட்டி.

எல்லாப் பெயர்களும் இவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. வடக்கு நாடுகளின் நீர்நிலைகளில் வாழும் ஒன்பதுமுள் மீனுக்கு ஏழு முதல் பன்னிரண்டு முட்கள் வரை இருக்கலாம். வரிக்குதிரை மீனின் கோடுகள் வரிக்குதிரையின் உடலில் உள்ளவை போலச் செங்குத்தாக இல்லாமல் தலையிலிருந்து வால் வரை நீளவாட்டில் ஓடுகின்றன. மீன்தொட்டி வளர்ப்பில் செவ்வால் கருஞ்சுறா என்று விற்கப்படும் தாய்லாந்து மீனுக்குச் சுறாவோடு எந்தத் தொடர்பும் இல்லை. முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்பதைத் தவிர வேறு காரணமின்றி அப்பெயர் பெற்ற அது, கெண்டைகளின் உறவினர். இத்தகைய வணிகப் பெயர்களை நான் ஒருபோதும் அடையாளமாகக் கொள்வதில்லை. வாங்குபவரைக் கவர்வதற்காகச் சூட்டப்பட்டவை அவை.

பெயர் மீனைப் பற்றிய மதிப்பீடாகவும் மாறுவதுண்டு. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த கம்பூசியா மீன் கொசுப் புழுக்களைத் தின்னும் என்ற நம்பிக்கையில் இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கொண்டுசென்று விடப்பட்டது. கொசுமீன் என்னும் பெயர் அந்த நம்பிக்கையின் சுருக்கம். சென்ற இடங்கள் பலவற்றில் அது உள்ளூர் மீன்களின் துடுப்புகளைக் கடித்தும், தவளை, மீன் ஆகியவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றும் பெருகியது. ஆஸ்திரேலியாவில் அதற்குக் கொள்ளைநோய் மீன் என்று பொருள்படும் பெயரும் வழங்குகிறது. மீன் ஒன்றே, வரவேற்றவர் வைத்த பெயரும் வருந்தியவர் வைத்த பெயரும் வேறு. இதன் பேரினப் பெயர்க்குப் பின்னால் சிறு நகைச்சுவையும் உண்டு. கியூபாவில் ‘கம்பூசினோ பிடித்தேன்’ என்றால் ஒன்றும் பிடிக்கவில்லை என்று பொருள். அந்நாட்டு இயற்கை அறிஞர் பெலிப்பே போயி, 1854இல் இந்தச் சின்னஞ்சிறு மீன்களுக்குப் பேரினப் பெயர் தேடியபோது அச்சொல்லையே எடுத்துக்கொண்டார்.

இது ஒரு முக்கியமான செய்திக்கு வழிவிடுகிறது. அறிவியல் பெயர்கள் யாவும் இலத்தீனும் கிரேக்கமும் என்று நினைப்பது தவறு. அவற்றில் கணிசமானவை மீனவர் வாயில் வழங்கிய சொற்களே. கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றிப் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் தாம் கேட்ட வங்காளப் பெயர்களை இலத்தீன் சாயலில் எழுதி அறிவியலுக்குள் கொண்டுவந்தார். நம் சிறு கெண்டைகளுக்கு ஒத்தவற்றை வங்காளத்தில் புண்ட்டி என்பர். அதிலிருந்து வந்ததே புண்டியஸ் என்னும் பேரினப் பெயர். நெல்வயலோடு தொடர்புடைய தானி என்னும் சொல்லிலிருந்து டேனியோ வந்தது. டெங்ரா என்னும் கெளுத்திக்கு மிஸ்டஸ் டெங்காரா என்று பெயர். வரிக்குதிரை மீனின் இன்றைய அறிவியல் பெயரான டேனியோ ரெரியோவில் ‘ரெரியோ’ என்பதும் ஹாமில்டன் தந்ததுதான். 2012இல் புண்டியஸ் பேரினத்தைப் பல கூறுகளாகப் பிரித்தபோதும் இந்த மரபு தொடர்ந்தது. புதிய பேரினங்களுள் ஒன்றான பேத்தியா, சிறு கெண்டைகளைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது.

ஜிலேபிக்கும் இதே வகைப் பயணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சுவானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லை 1840இல் ஆண்ட்ரூ ஸ்மித் திலாப்பியா என்று இலத்தீனாக்கினார். அது தமிழ்நாட்டுக்கு வந்து ஜிலேபி ஆயிற்று. ஆக, நாட்டுச்சொல் ஒன்று அறிவியல் பெயராகி, மீண்டும் வேறொரு நாட்டின் பொதுப்பெயராகிவிட்டது. இதற்கிடையில் அறிவியலாளர்கள் இந்த மீனைத் திலாப்பியா பேரினத்திலிருந்தே நீக்கி ஓரியோகுரோமிஸ் என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

அறிவியல் பெயர் மாறாதது என்று பலரும் நம்புகிறார்கள். அதைக் கலைக்கக் கப்பி மீனின் வரலாறு ஒன்றே போதும். 1859இல் பெர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ், வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த சிறு மீனுக்குப் பொசிலியா ரெட்டிகுலேட்டா என்று பெயரிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பார்படோசிலிருந்து வந்த அதே மீனை இத்தாலியரான டி பிலிப்பி வேறோர் இனம் என்று கருதி லெபிஸ்டஸ் என்னும் புதிய பேரினத்தையே உண்டாக்கினார். 1866இல் லண்டனில் ஆல்பர்ட் கூந்தர், திரினிடாட் தீவிலிருந்து மீன்களை அனுப்பிவைத்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவரைச் சிறப்பிக்கும் வகையில் ஜிரார்டினஸ் கப்பியை என்று மூன்றாவது பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் மூன்றும் ஒன்றே என்று தெரிந்தபோது முன்னுரிமை விதி வேலை செய்தது: ‘ரெட்டிகுலேட்டா’ நிலைத்தது, கூந்தர் தந்த பெயர் ஏட்டளவில் ஒதுங்கியது. ஆனால் அதற்குள் உலகெங்கும் மக்கள் அம்மீனைக் கப்பி என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். பேரினப் பெயரும் லெபிஸ்டஸ் என்று நெடுங்காலம் நின்று, 1963இல் மீண்டும் பொசிலியா ஆனது. நூறாண்டுக் காலம் அறிவியலில் பெயர்கள் இடம் மாறிக்கொண்டிருக்க, விதிகளால் கைவிடப்பட்ட பெயர் மக்கள் நாவில் அப்படியே இருந்துவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும், சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் உடலில் ஓடும் அழகிய மீனுக்கும் இதே நிலைதான். 1865இல் பிரான்சிஸ் டே அதைச் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரால் லேபியோ டெனிசோனி என்று விவரித்தார். அது பின்னர் புண்டியஸ் ஆகி, 2013 முதல் சஹ்யாத்ரியா என்னும் பேரினத்தில் இருக்கிறது. மீன் வளர்ப்போரிடையே அது இன்றும் மிஸ் கேரளாதான். இம்மாற்றங்களைக் கண்டு அறிவியலின் மேல் எரிச்சல் கொள்வோரை நான் பார்த்திருக்கிறேன். பேரினம் என்பது உறவைப் பற்றிய கருத்து. உறவு பற்றிய சான்று மாறினால் பெயரும் மாறித்தான் ஆகவேண்டும். எப்போதும் மாறாத அறிவியல் பெயரே நம் ஐயத்துக்கு உரியது.

சில பொதுப்பெயர்கள் நேரெதிர்த் திசையில், அறிவியலிலிருந்து நாவுக்கு இறங்கியவை. நியான் டெட்ரா என்பதில் உள்ள டெட்ரா, நாற்கோணத் துடுப்பு என்று பொருள்படும் டெட்ராகொனோப்டெரஸ் என்னும் பேரினப் பெயரின் சுருக்கம். ஒரு காலத்தில் பல சிறு தென்னமெரிக்க மீன்கள் அப்பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. பின்னர் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்டன. டெட்ரா என்னும் துண்டு மட்டும் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. 1936இல் விவரிக்கப்பட்ட நியான் டெட்ராவையும் 1956இல் விவரிக்கப்பட்ட கார்டினல் டெட்ராவையும் தொடக்கநிலையினர் ஒன்றென மயங்குவது இயல்பு. நியானில் சிவப்புப் பட்டை உடலின் பின்பாதியில் மட்டும் இருக்கும். கார்டினலில் அது தலைப்பக்கம் முதல் வால் வரை ஓடும்.

ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் என்று தமிழ் இலக்கணம் திரிசொல்லுக்குக் கூறும் இரு வகைமையும் மீன் பெயர்களுக்கு அப்படியே பொருந்தும். முதல் வகை தொல்லை தருவது தேடும்போது மட்டுமே. எல்லாப் பெயர்களையும் அறிந்துகொண்டால் தீர்ந்துவிடும். இரண்டாம் வகையே ஆபத்தானது; ஏனெனில் பேசும் இருவரும் ஒரே மீனைப் பற்றிப் பேசுவதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். மின்னோ என்னும் ஆங்கிலச் சொல் பிரிட்டனில் விரல் நீளத்துக்குட்பட்ட ஓர் ஓடை மீனைக் குறிக்கும்; வட அமெரிக்காவில் அது பெருங்குடும்பம் ஒன்றுக்கே பொதுப்பெயர். கொலராடோ ஆற்றில் முன்னர் ஏறக்குறைய 6 அடி வரை வளர்ந்ததாக அறியப்படும் பைக்மின்னோவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு முன்பு வழங்கிய பெயரில் பழங்குடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல் இருந்ததால், 1990களின் இறுதியில் அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் பெயர்க்குழு அதனை மாற்றியது. பொதுப்பெயருக்குச் சட்டம் இல்லை என்று மேலே சொன்னேன். இத்தகைய பரிந்துரைப் பட்டியல்கள் சில மொழிகளில் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை வழக்கைச் சீர்செய்ய முயலுமே அன்றி, வழக்கை உண்டாக்குவதில்லை.

அறிவியல் பெயரைச் சொல்லிவிட்டதாலேயே மீன் சரியாக இனங்காணப்பட்டுவிட்டது என்றும் கொள்ளக்கூடாது. உடல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவதாலும், மூளைக்கு மேலே எலும்புக்கூரை இல்லாததாலும், நரம்பியல் ஆய்வகங்களில் விரும்பி வளர்க்கப்பட்ட டேனியோனெல்லா மீனை ஆய்வாளர்கள் டேனியோனெல்லா டிரான்ஸ்லூசிடா என்றே எழுதிவந்தனர். ஏறத்தாழ 12 மி.மீ. நீளமே உள்ள அது உண்மையில் அதுவரை பெயரிடப்படாத வேறோர் இனம் என்பது 2021இல்தான் வெளியாயிற்று. இப்போது அதன் பெயர் டேனியோனெல்லா செரிப்ரம்.

ஆகவே ஒரு சிறு மீனைப் பற்றிக் குறித்துவைக்க விரும்புவோர், கேட்ட பொதுப்பெயரைச் சொன்னவரின் உச்சரிப்பிலேயே எழுதி, எந்த நீர்நிலையில் கேட்டது என்பதையும் உடன் சேர்ப்பது நல்லது. இடம் இல்லாத பொதுப்பெயர் பாதிச் செய்தி. மீனின் நீளம், மீசை இருக்கிறதா, இருந்தால் எத்தனை, வாய் மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா, புள்ளியும் கோடும் எங்கே என்பவற்றையும், பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வைத்தால், பின்னாளில் அறிவியல் பெயர் மாறினாலும் குறிப்பு பயன்படும். ஐயமிருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் இழிவில்லை. ‘புண்டியஸ் வகை’ என்று எழுதுவது, தவறான சிற்றினத்தைத் துணிந்து எழுதுவதைவிட நேர்மையானது.

பெயரே இல்லாத மீனை என்ன செய்வது? தென்னமெரிக்காவின் கவசக் கெளுத்திகள், அறிவியலாளர் விவரிக்கும் வேகத்தைவிட விரைவாக மீன்தொட்டி வணிகத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது, ஜெர்மானிய மீன் வளர்ப்பு இதழ் ஒன்று 1988இல் அவற்றுக்கு எண்களை இடத் தொடங்கியது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றைச் சேர்ந்த, கறுப்பும் வெள்ளையுமான வரிகளுடைய சிறு கெளுத்திக்கு எல் 046 என்ற எண் கிடைத்தது. 1991இல் ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று முறையான பெயர் வந்த பிறகும் வளர்ப்போர் பலர் எண்ணையே சொல்கிறார்கள். அந்த மீனுக்கு எல் 098 என்று இரண்டாவது எண்ணும் உண்டு.